முதலில் கையைப் பாருங்கள்: உருவ ஓவியத் தாளை இரண்டாம் முறை எழுதித் தேறிய அனுபவம்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. சமகால உருவ ஓவியத் தாளில் தேறிவிட்டேன். போன முறை இந்த ஒரு தாளில்தான் அரியர். பெண்களின் அக உலகம், சிறுபான்மை அடையாளம் என்று எனக்கு மிகவும் நெருக்கமான பாடத்திலேயே தோற்றது ஓராண்டாக நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாரம் இறங்கிய கையோடு எழுதுகிறேன்.

தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். கட்டுரைப் பகுதியைப் படித்துச் சமாளித்துவிடலாம். பெயரும் ஆண்டும் இல்லாமல் ஓர் ஓவியத்தின் அச்சைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்களே, நான் விழுந்தது அங்கேதான்.

போன முறை வந்த படத்தில் இருண்ட பழுப்புப் பின்புலம், தலையைச் சற்றுத் திருப்பிய ஒரு கறுப்பினப் பெண். லினெட் யியாடம்-போக்யே வரைந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அதுவே வினையாகிவிட்டது. 1977இல் லண்டனில் பிறந்தவர், பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள் என்று ஆரம்பித்து, புலம்பெயர்ந்தோர் வலி, இனவெறி, இந்தப் பெண்ணின் முகத்தில் உறைந்த துயரம் என்று நான்கு பக்கம் எழுதித் தள்ளினேன். ஆனால் அவர் வரையும் மனிதர்கள் கற்பனை மனிதர்கள். யாரையும் எதிரே உட்காரவைத்து அவர் வரைவதில்லை. எந்தக் காலத்து ஆள் என்று பிடிபடக் கூடாது என்பதற்காகப் பெரும்பாலும் காலில் செருப்புகூட வரையமாட்டார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், உலகில் இல்லாத ஒருத்திக்கு நான் வாழ்க்கை வரலாறு எழுதியிருந்தேன்.

மாதங்கள் கழித்து அதே படத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் உதட்டோரத்தில் லேசான சிரிப்பு இருந்தது. தேர்வறையில் அது என் கண்ணில் படவே இல்லை. கறுப்பினப் பெண் என்றால் துயரம்தான் என்று பார்க்கும் முன்பே முடிவு செய்திருக்கிறேன். அன்று நெடுநேரம் அழுதேன்.

அப்புறம் நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடுவதில்லை. பென்சிலால் படத்தைக் கட்டைவிரல் அளவுக்கு வரைந்து பார்ப்பேன். வரையும்போதுதான் கண் உண்மையில் வேலை செய்கிறது. பிறகு வரிசையாக:

- கை என்ன செய்கிறது?
- பார்வை எங்கே போகிறது? நம்மிடமா, வேறெங்கோவா?
- எதை வரையாமல் விட்டிருக்கிறார்?
- தோலுக்கு என்ன நிறம்? ஏன் அந்த நிறம்?
- ஓவியர் பெயர் கடைசியில்.

நான்காவது கேள்விக்கு அமெரிக்க ஓவியர் ஏமி ஷெரால்டை எடுத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். கறுப்பினத்தவரின் தோலைச் சாம்பல் நிறத்தில் தீட்டுபவர். 'இனத்தை அழித்துவிடுகிறார்' என்று நான் எழுதிக் காட்டியபோது என் ஆசிரியை, “அப்படியென்றால் படத்தில் இருப்பவர் கறுப்பினப் பெண் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டார். இரண்டு நாள் அந்தக் கேள்வியோடேயே இருந்தேன். அந்தச் சாம்பல் நிறம் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் நிறம். அடையாளம் எங்கும் போய்விடவில்லை. தோலின் நிறம் முதலில் வந்து நம்மை மறிக்காததால், அந்த ஆளின் நிமிர்வும் உடையும் பார்வையும் முன்னே வருகின்றன. ஷெரால்ட் வரைந்து 2018இல் திறந்துவைக்கப்பட்ட மிஷெல் ஒபாமா ஓவியத்தில் கேன்வாஸின் பெரும்பகுதி அந்த விரிந்த உடைதான். முகவாய்க்குக் கீழே ஒரு கை. அந்தக் கையை மட்டும் வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

- பவுலா ரேகோ: 1994இல் வரைந்த 'நாய்ப் பெண்'. கையும் காலும் தரையில் ஊன்றி வாயைப் பிளந்திருப்பவள். பாவம் என்று எழுதிவிடாதீர்கள், அவளிடம் பலம் இருக்கிறது. இவருடைய கருக்கலைப்பு ஓவியங்களைப் பற்றி எழுதினால், கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்குவது குறித்து போர்ச்சுகலில் 1998இல் நடந்த பொதுவாக்கெடுப்பைக் கட்டாயம் சேருங்கள்.
- ன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி: தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண வீட்டு அறை. கிட்டப் போனால் நைஜீரியப் பத்திரிகைப் படங்களும் குடும்பப் புகைப்படங்களும் அச்சு அச்சாகப் பரவியிருக்கும். நைஜீரியா, அமெரிக்கா என்று இவருடைய இரண்டு நாட்டு வாழ்க்கை அந்தப் பரப்பிலேயே இருக்கிறது.
- அர்பிதா சிங்: வயதான பெண் உடல்கள், பூக்களுக்கு நடுவே துப்பாக்கி. நான் அதிகம் படிக்கவில்லை, படித்திருக்க வேண்டும்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நாலு பேர் சேர்ந்தால் படத்தை விட்டுவிட்டுக் கோட்பாடு பேச ஆரம்பித்துவிடுகிறோம். தனியாக, ஒரு நாளைக்கு ஒரே படம், அரை மணி நேரம் பார்த்தால் போதும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அம்ரிதா ஷெர்-கில்லின் 'மூன்று பெண்கள்' காட்டினார்கள். 1935இல் வரைந்தது, சமகாலம் அல்ல, ஆனாலும் கேட்பார்கள். ஹங்கேரியத் தாய், சீக்கியத் தந்தை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தேன். மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. அங்கிருந்து தொடங்கினேன். “ஒரு ஆண் இதை வரைந்திருந்தாலும் இதையே சொல்வீர்களா?” என்று கேட்டார்கள். கண்ணில் தெரிவதைப் பற்றிச் சொன்னதெல்லாம் அப்படியே நிற்கும், அந்தப் பெண்களின் மௌனத்துக்கு நான் சொன்ன காரணத்தைத்தான் மறுபடி யோசிக்க வேண்டும் என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

கடைசியாக ஒன்று. மோசமான அச்சில் கருந்தோலின் நுண்ணிய நிறங்கள் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். உங்களுக்கு வந்த தாள் அப்படி இருந்தால் தயங்காமல் எழுந்து வேறு பிரதி கேளுங்கள். இந்த முறை நான் கேட்டேன், கொடுத்தார்கள்.