பிராம்லி ஆப்பிள் மரம்: இரண்டாவது குளிர்காலக் கவாத்து

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டின் கொல்லையில் வயதான பிராம்லி ஆப்பிள் மரம் ஒன்று நின்றது. முன்பு இருந்தவர்கள் உயரத்துக்குப் பயந்து உச்சியை ஒரே மட்டமாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடமெல்லாம் நீர்ப்போத்துகள், அதாவது காய்க்காமல் வேகமாக வளரும் புதுக் கிளைகள், விளக்குமாற்றுக் குச்சிகள் மாதிரி நேராகக் கிளம்பியிருந்தன. இலைக்குப் பஞ்சமில்லை, காய்தான் இல்லை.

வேர் அப்படியே இருக்க, தலையை மட்டும் குறைத்தால் மரம் அந்த வேகத்தைப் புதுத் தளிரில்தான் காட்டும். பெரும்பாலான ஆப்பிளுக்கு இரண்டு தொகுதிக் குரோமோசோம், பிராம்லிக்கு மூன்று. இயல்பிலேயே வேகம் அதிகம். அதனால் ஒரு குளிர்காலத்தில் கிளைப்பரப்பில் 10 முதல் 20 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

போன வருடம் பட்டுப்போனதும் சொறிநோய் கண்டதும் மட்டும் வெளியேறின. நோய்க் கிளையில் பட்டை உள்வாங்கி, வளையம் வளையமாக வெடித்திருக்கும். வெட்டுவாயில் பழுப்புக் கறை தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும். கத்தரியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டில் துடைத்தேன்.

இந்த ஜனவரியில்தான் போத்துகளைத் தொட்டேன். பாதியில் நறுக்கினால் ஒன்று மூன்றாகும். நேராக நிற்பவற்றை அடியோடு எடுத்து, வெளிப்பக்கம் சாய்ந்த சிலவற்றை விட்டுவைத்தேன். நுனிகளையும் தொடவில்லை, பிராம்லி கொஞ்சம் நுனியிலும் காய்க்கும். பூமொட்டு தடித்து, மேலே பூனைமயிர் போலிருக்கும். இலைமொட்டு ஒல்லியாகக் குச்சியோடு ஒட்டிக்கிடக்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

கனமான கிளைக்கு முதலில் அடிப்பக்கம் ஒரு ரம்பக் கீறல், அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுப்பு. இல்லையென்றால் கிளை சாயும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மிஞ்சிய கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் கழுத்துப் புடைப்புக்கு வெளியே அறுத்தேன். புண்ணுக்குப் பெயிண்ட் எதுவும் வேண்டாம், அந்தப் புடைப்பே மூடிக்கொள்ளும்.

போன கோடையில் ஓரளவு காய்த்தது. மூன்று தொகுதிக் குரோமோசோம் என்பதால் இதன் மகரந்தம் இதற்கும் உதவாது, மற்ற ஆப்பிள் மரத்துக்கும் உதவாது. வேலிக்கு அந்தப் பக்கம் பூக்கும் காட்டு ஆப்பிளுக்குத்தான் நன்றி. ஜூனில் தானாக உதிர்ந்தது போக, கொத்துக்கு ஒன்று விட்டு மீதியைக் கிள்ளினேன். புளிப்பு பலமாக இருப்பதால் தொக்குக்கு அருமை. ஆனால் அடுப்பில் சீக்கிரம் குழையும். பெரிதாகத் துருவி, நல்லெண்ணெயில் சுருள வதக்கினால் போதும்.

புதிதாகக் கிளம்பும் போத்துகளுக்கு ஆகஸ்டில் ஒரு சுற்று இருக்கிறது. கோடையில் எடுத்தால் அவ்வளவாகத் திரும்பத் துளிர்க்காது. ஷெட்டுக்கு மேல் சாய்ந்திருக்கும் தடித்த கிளை அடுத்த குளிருக்கு.