சில்வண்டுக் கல்லைத் தேடி யாமாதெரா

ஊர் திரும்பி இரண்டு நாளாகிறது, கெண்டைக்கால் இன்னும் இறுகிப்போய்த்தான் இருக்கிறது. ஜப்பானின் யாமாதெரா மலைக்கோயிலுக்கு 1,015 படி. வலி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பஸ் கதை. தோக்கியோவிலிருந்து வடக்கே செந்தாய் நகருக்குப் புல்லட் ரயிலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். ஆனால் டிக்கெட் 11,000 யென்னுக்கு மேல். ராத்திரி பஸ்ஸில் மூன்றில் ஒரு பங்குதான் என்றதும் யோசிக்காமல் பதிவு செய்தேன். யோசித்திருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டாக நெருக்கிப் போட்ட இருக்கைகள். முன்னால் இருந்தவர் இருக்கையைச் சாய்த்ததும் முழங்கால் நெஞ்சைத் தொட்டது. ஏசிக் காற்று நேராகக் கழுத்தில். விடியற்காலை ஐந்தரைக்கு, ஒரு கடைகூடத் திறக்காத செந்தாயில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் மலை ஏறுவதாக இருந்தால் தயவுசெய்து இந்த மிச்சம் பிடிக்கும் வேலை வேண்டாம்.

அங்கிருந்து செந்ஸான் பாதை ரயிலில் ஒரு மணி நேரம். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். எல்லா ரயிலும் யாமாதெரா வரை போவதில்லை. பாதி ரயில்கள் ஆயாஷி என்ற ஊரோடு நின்றுவிடுகின்றன. நான் முகப்புப் பலகையைப் பார்க்காமல் ஏறி, ஆயாஷி நடைமேடையில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

சரி, எதற்காக இவ்வளவு பாடு? மூன்று வரிக்காக.

1689இல் ஹைக்கூக் கவிஞர் பாஷோ, சீடர் ஸோராவுடன் வட தேசமெல்லாம் நடந்து வந்துகொண்டிருந்தார். ஓபானாஸாவா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, 'யாமாதெராவைப் பார்க்காமல் போகாதீர்கள்' என்று ஊர்க்காரர்கள் சொல்ல, இருபத்தேழு கிலோமீட்டர் போல வழி மாறி நடந்து வந்து சேர்ந்தார். பொழுது இன்னும் சாயவில்லை. அடிவாரத்தில் தங்க இடம் பிடித்துவிட்டு அன்றைக்கே மேலே ஏறினார். பாறைமேல் பாறை, சன்னதிக் கதவெல்லாம் சாத்தியிருந்தது, ஒரு சத்தமில்லை. அப்போது பிறந்த ஹைக்கூ இது. தமிழில் எனக்கு இப்படித்தான் வருகிறது:

என்ன நிசப்தம்!
பாறைக்குள் ஊறுகிறது
சில்வண்டின் குரல்

படி தொடங்குமுன் கொன்யாக்கு சாப்பிட்டே ஆக வேண்டும். நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவான ஒரு கிழங்கை மாவாக்கி, கோலி உருண்டைகளாகப் பிடித்து, சோயா சாற்றில் வேகவிட்டுக் குச்சியில் கோத்துத் தருகிறார்கள். மேலே கடுகு விழுது. கடித்தால் ரப்பர் மாதிரி எதிர்த்து, அப்புறம் பட்டென்று விட்டுக்கொடுக்கும். சாறு உள்வரை ஏறியிருக்கிறது. மலையேறத் தெம்பு தரும் என்பதால் 'சிக்காரா கொன்யாக்கு', அதாவது பலக் கொன்யாக்கு என்று பெயர். பர்ஸில் கிடந்த சில்லறையே போதுமாக இருந்தது. இந்தப் பயணத்திலேயே மலிவான, சிறந்த சாப்பாடு. கடைக்காரப் பாட்டி என் மூட்டையையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

கோயிலின் முறையான பெயர் ரிஷ்ஷாக்குஜி. 860இல் என்னின் என்ற துறவி நிறுவியது. அடிவாரத்து மூலக்கோயிலில், கியோத்தோ பக்கத்து ஹியே மலையிலிருந்து கொண்டுவந்த தீபம் இன்னும் எரிகிறது. 1571இல் படைத்தலைவர் நொபுநாகா ஹியே மலைக் கோயிலை எரித்த பிறகு, இங்கிருந்துதான் அங்கே திரும்பவும் தீபம் கொண்டுபோனார்கள். பக்கத்தில் பாஷோவும் ஸோராவும் சிலைகளாக இருக்கிறார்கள். எல்லாரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு வேகமாக மேலே போய்விடுகிறார்கள். நான் தேடி வந்தது வேறு கல்.

படிகளில் பாதி வழிக்கு முன்பே, சுகி என்ற ஊசியிலை மரங்களின் நிழலில் அது நிற்கிறது. ஸெமிஸுக்கா, சில்வண்டு மேடு. பாஷோவின் இந்த ஹைக்கூ எழுதிய காகிதத் துண்டைப் புதைத்து, அதன்மேல் 1751இல் அவர் வழிவந்த கவிஞர்கள் நட்ட கல். ஆளுயரம்கூட இல்லை. பாசி ஏறியிருக்கிறது. எனக்கு முன்னால் போன நாலைந்து பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்பட்டது.

ஸோராவின் குறிப்பேட்டில் இந்த ஹைக்கூவின் முதல் வடிவம் இருக்கிறது. அதில் 'நிசப்தம்' இல்லை, 'மலைக்கோயில்' என்று தொடங்குகிறது. குரலும் கல்லில் படிகிறதே தவிர ஊறவில்லை. கறை படிவது மேலோடு, எண்ணெய் ஊறுவது உள்ளே. அந்த ஒரு வினைச்சொல்லைக் கண்டுபிடிக்க பாஷோ பிறகு திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த மலைப் பாறையைத் தொட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரிகிறது. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, கருங்கல் மாதிரி வழுவழுப்பு கிடையாது. சொரசொரவென்று, எங்கு பார்த்தாலும் குழியும் பொந்துமாக இருக்கிறது. கண்ணெதிரே மழைநீரை உறிஞ்சியது. குரலையும் உறிஞ்சும் என்று நம்பிவிட்டேன்.

கல்லுக்குப் பக்கத்து மரத்தில், என் இடுப்பு உயரத்தில், ஒரு சில்வண்டு உரித்துப்போட்ட கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் அளவு. முதுகு பிளந்திருந்தது, மேலெல்லாம் காய்ந்த சேறு. ஜப்பானில் சேறு பூசிய இந்தக் கூடு நீநீஸெமி என்ற சின்ன ரகத்துடையது. பாஷோ கேட்டது எந்தச் சில்வண்டு என்று ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது! இந்தக் கோயில் இருக்கும் யாமாகாத்தா மாகாணத்திலேயே பிறந்த கவிஞர் சைத்தோ மோகிச்சி, பெரிய ரகமான ஆபுராஸெமி என்றார். இலக்கிய ஆய்வாளர் கொமியா தொயோதாக்கா மறுத்தார், பாஷோ வந்த ஜூலையில் அது அவ்வளவாகக் கத்தாது, நீநீதான் என்றார். கடைசியில் சில்வண்டுகளைப் பிடித்துச் சேகரித்துப் பார்த்துவிட்டு மோகிச்சி ஒப்புக்கொண்டார். ஒரு சொல்லுக்காகப் பூச்சி பிடிக்கப் போன அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மேலே கோதாய்தோ மண்டபத்திலிருந்து பள்ளத்தாக்கு, கீழே தீப்பெட்டி அளவில் ரயில் நிலையம். எல்லாப் படத்திலும் வரும் காட்சிதான், நேரில் இன்னும் நன்றாக இருக்கிறது. கீழே இறங்கிச் சாப்பிட்ட சோபா நூடுல்ஸுக்கு ஆயிரம் யென்னுக்கு மேல் ஆனது. பட்ஜெட்டில் இல்லாத செலவு, வருத்தமில்லை.

இறங்கும் வழியில் மறுபடி அந்தக் கல்லருகே நின்றேன். கூட்டம் குறைந்திருந்தது. 'சீ…' என்று ஒரே இழுப்பாக ஒரு குரல், அது நின்ற இடத்தில் இன்னொன்று. ரயிலுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன்.