இருட்டினால் அணையும் கேமரா

பொழுது சாய்ந்ததும் வாசல் கேமரா இன்றும் அணைந்துவிட்டது.

பகல் முழுக்க ஒழுங்காகப் படம் காட்டுகிறது. இருட்டியதும் போய்விடுகிறது. திருடனுக்கு இதைவிட வசதியான கேமரா கிடைக்காது.

வைஃபையின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். ரூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தோம்; பயனில்லை.

பிறகு அமைப்புகளுக்குள் போய் இரவுப் பார்வையை நிறுத்தினேன். படம் கரிய இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் இணைப்பு அறுபடவே இல்லை!

விஷயம் இதுதான். இருட்டில் படம் பிடிக்க, கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் எரிய வேண்டும். அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் கூடும். மெல்லிய, நீளமான யு.எஸ்.பி. கேபிளாக இருந்தால், அடாப்டரிலிருந்து கிளம்பும் 5 வோல்ட் கேமராவைச் சேர்வதற்குள் குறைந்துவிடும். கேமரா அணையும், மீண்டும் எழும், விளக்குகள் எரியும், மறுபடி அணையும். விடியும்வரை இதே கூத்து.

தடித்த, குட்டையான கேபிளை மாட்டியதும் சரியாகிவிட்டது.

இத்தனை நாளும் செயலி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இணையத் தொடர்பைச் சரிபார்க்கவும்." அணைந்துபோன கேமரா தன் நோயைச் சொல்லாது, சரி. "மின்சாரத்தையும் பாருங்கள்" என்று இன்னொரு வரி சேர்ப்பதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்?