மொந்தேன் பிறகு என்ன ஆனான்?

‘லே கோரிஸ்த்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றி யார் கதைத்தாலும் முரட்டுப் பெடியன்களைப் பாட்டால் திருத்திய வாத்தியாரின் கதை என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அந்த இடத்திலேயே ஒரு சின்ன எரிச்சல் வரும். கிளெமோன் மத்தியூவை அந்த விடுதிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு எடுத்தது சுர்வையானாக, அதாவது பிள்ளைகளைக் கண்காணிக்கிறவராக. வரிசையில் நிற்கவைப்பது, படுக்கைக் கூடத்தில் விளக்கை அணைப்பது, யார் கல்லெறிந்தது என்று கண்டுபிடிப்பது, இதுதான் அவருடைய சம்பள வேலை. பாட்டு அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது.

நானும் பிரான்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுர்வையான். 2003-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு காகிதத்தில் எங்களுக்கு ‘கல்வி உதவியாளர்’ என்று பெயர். பிள்ளைகளுக்கு இன்றும் ‘பியோன்’தான், சுர்வையானுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர். ஆறு வருசத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்க முடியாது என்றிருந்ததை 2022-ல் மாற்றி, நிரந்தரமாக எடுக்கலாம் என்றாக்கினார்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை, எடுக்கலாம். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். (அம்மா சொந்தக்காரருக்கெல்லாம் நான் ‘ரீச்சிங்’ என்று சொல்லி வைத்திருக்கிறா. திருத்தப் போய்க் களைத்துவிட்டேன்.)

நத்தார் விடுமுறைக்கு முதல் நாட்களில் பாதி ஆசிரியர்கள் வரமாட்டார்கள். படிப்பு மண்டபத்தில் நாங்கள்தான் படம் போட்டு வைத்திருப்போம். அந்த வருசம் கோரிஸ்த். 2004-ல் வந்தபோது பிரான்ஸில் 80 லட்சம் பேருக்கு மேல் தியேட்டருக்குப் போய்ப் பார்த்த படம். இப்போதைய பிள்ளைகளுக்கு அது பாட்டன் காலத்துப் படம். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிட்டார்கள். பெப்பினோ என்ற அந்தச் சின்னவன் வந்தால் யாரும் அமைதியாவார்கள்.

படம் முடிந்து எல்லோரும் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பும்போது அவன் மட்டும் என் மேசைக்கு வந்தான். பதின்மூன்று வயது. பெயர் வேண்டாம்.

“முசியே, மொந்தேன் பிறகு என்ன ஆனான்?”

“படத்தில் சொல்லேல்லை.”

“காசை எடுத்தது அவன் இல்லை எண்டு மத்தியூவுக்குத் தெரியும்தானே. ஏன் போய்க் கூட்டிக்கொண்டு வரேல்லை?”

“அவர் வாத்தியார் இல்லை. சுர்வையான். அவரால ஏலாது.”

“உங்களை மாதிரி.”

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கேள்வியாகக் கேட்டானா, குத்தினானா, சும்மா ஒரு உண்மையைச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அந்த நேரம் திரையை மடித்துக்கொண்டிருந்தேன்.

படம் பார்க்காதவர்களுக்கு: மொந்தேன் சீர்திருத்த விடுதியிலிருந்து பரீட்சார்த்தமாக அனுப்பப்பட்ட பெரிய பெடியன். குரல் சோதிக்கும்போது ஒரு கெட்ட பாட்டைப் பாடுகிறான். மத்தியூ அசராமல் அவனைக் கீழ்க்குரலில் சேர்த்துக்கொள்கிறார். பிறகு பணம் களவு போகிறது. அதிபர் ராஷேன் அவனை அடிக்கிறார், அவன் ராஷேனின் கழுத்தை நெரிக்கப் போகிறான், கொண்டுபோய்விடுகிறார்கள். பணத்தை எடுத்தது வேறொரு பிள்ளை என்று மத்தியூ பிறகு கண்டுபிடிக்கிறார். ஆனாலும் மொந்தேன் பாட்டுக் குழுவுக்குத் திரும்பி வருவதில்லை. கடைசியில் பள்ளிக்கூடம் எரியும்போது தூரத்தில் நின்று பார்க்கிறவன் அவன். பற்றவைத்ததும் அவன்தான் என்று படம் வாயால் சொல்லாமல் சொல்கிறது.

நல்ல குரல் இருந்த மொராஞ்ச் பெரிய இசை நடத்துனர் ஆனான், பெப்பினோ மத்தியூவோடு போனான், ராஷேன் பதவி இழந்தார், மத்தியூ கடைசிவரை பேர் தேடாமல் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். எல்லாருக்கும் கணக்கு முடிக்கிற படம் மொந்தேன் ஒருவனைத்தான் விட்டுவிடுகிறது. நான் அதை எத்தனையோ தரம் பார்த்தும் யோசிக்கவில்லை. என் மேசைக்கு வந்தவனுக்கு ஒரு தரத்திலேயே தெரிந்துவிட்டது.

தெரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

அந்த வருசம் எங்கள் இசை ஆசிரியை மத்தியான இடைவேளையில் பாட்டுக் குழு நடத்தினா. 2018-க்குப் பிறகு கோலெஜ்களில், அதாவது நடுநிலைப் பள்ளிகளில், இது விருப்பப் பாடம். பெண்பிள்ளைகள்தான் கூட வருவார்கள். இவன் பாடமாட்டான், ஆனால் எந்த மேசையில் இருந்தாலும் தட்டிக்கொண்டே இருப்பான். அதற்காக என்னிடமே பலமுறை பேச்சு வாங்கியிருக்கிறான். ஆசிரியை அவனுக்கு கையால் தட்டி வாசிக்கிற ஒரு கஹோன் பெட்டியைக் கொடுத்து அதன்மேல் இருத்திவிட்டா. ஒழுங்காக வந்தான். அவன் ஒழுங்காக வந்த ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவனோடு அடிபிடி. தட்டு பறந்தது. உணவு மண்டபத்துக்கு வரத் தடை போட்டார்கள். இந்தத் தடையை 8 நாளுக்கு மேல் போட முடியாது, பெரிய தண்டனை என்றும் சொல்ல முடியாது. ஆனால் தடை இருக்கும்வரை அவன் மத்தியானம் வீட்டில் சாப்பிடுகிற பிள்ளை. மணி அடித்ததும் வெளியே போகவேண்டும், பின்னேர வகுப்புக்குத்தான் திரும்பி வரலாம். பாட்டுக் குழுவோ மத்தியானம்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் நின்றான். வாசல் என் பொறுப்பு.

ஆசிரியை இறங்கி வந்தா. “ஒரு மணித்தியாலம்தான், நேரே என் வகுப்புக்கு வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றா. நான் பொறுப்பாளருக்கு அடித்தேன். கூட்டத்தில் இருந்தார், எடுக்கவில்லை. அவனோடு அடிபட்ட மற்றவன் உள்ளே முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். வாசலுக்கும் இசை வகுப்புக்கும் நடுவில் அந்த முற்றம். உள்ளே விட்டு ஏதாவது நடந்தால், தடையில் இருக்கிற பிள்ளையை யார் விட்டது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆசிரியையிடம் அல்ல. நான் முடியாது என்றேன். அவன் எதிர்க்கவும் இல்லை. கம்பி வழியாக ஆசிரியைக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனான்.

தடை முடிந்த பிறகும் அவன் பாட்டுக் குழுவுக்கு வரவில்லை. ஆசிரியை இரண்டு தரம் கேட்டதாகச் சொன்னா. அவ்வளவுதான் நடந்தது. இதில் தூக்கம் கெட என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள். எனக்கும் பதில் இல்லை.

மத்தியூ கடைசியில் ஏன் வேலை இழந்தார் என்று பாருங்கள். அனுமதி இல்லாமல் பிள்ளைகளை வெளியே காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கதவைத் திறந்ததால்தான் தீப்பிடித்தபோது ஒரு பிள்ளையும் உள்ளே இல்லை. அழகான கதை. ஆனால் தீ பற்றாமல் இருந்திருந்தால்? காட்டில் ஒரு பிள்ளை விழுந்து கால் முறித்திருந்தால்? அப்போது அவர் நல்ல மனசுள்ள மடையன், ராஷேன் விதிமுறை தெரிந்த மனிதர். கதை எழுதுகிறவனுக்கு தீ எப்போது பற்றும் என்று தெரியும். வாசலில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

இந்த வாதம் எனக்கு நன்றாக வரும். வரும்போதெல்லாம் கூடவே இன்னொன்றும் வருகிறது: முற்றத்தைக் கடக்க அரை நிமிடம். நானே கூட நடந்துபோய் விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த அரை நிமிடம் வாசலில் யார் நிற்பது? சரி, ஆசிரியை நின்றிருக்கலாமே? இப்படியே போகும்.

ஆசிரியையும் அந்தப் படத்தில் மயங்குகிறவ அல்ல. “எனக்கு இரண்டு குரலில் ஒரு பாட்டை நிறுத்தவே முழு வருசம் போகிறது” என்பா. படத்தில் கேட்கிற பாட்டு லியோன் நகரத்து சென்-மார்க் சிறுவர் பாட்டுக் குழுவினுடையது. மொராஞ்சாக நடித்த பெடியனும் அந்தக் குழுவில் பயின்றவன்தான். பயிற்சி பெற்ற குரலைக் கல்லெறிகிற பிள்ளையின் வாயில் வைத்துவிட்டு, பாட்டு மாற்றிவிட்டது என்று சொல்வது லேசு. குரல் இருக்கிறவனை எல்லாருக்கும் பிடிக்கும். பெட்டியில் தட்டுகிறவனை எத்தனை பேருக்குப் பிடிக்கும்?

பிரான்ஸில் 1945 பெப்ரவரியிலேயே சட்டம் வந்துவிட்டது, குற்றம் செய்த பிள்ளைக்குத் தண்டனையை விட வளர்ப்புத்தான் முக்கியம் என்று. படம் நடப்பது 1949-ல். நான்கு வருசம் கழித்தும் ராஷேனின் பள்ளிக்கூடத்தில் அடித்தால் அடி என்பதுதான் விதி. முன்பெல்லாம் அந்த முரணைப் பார்த்துச் சிரிப்பேன். எங்களிடம் அடி இல்லை. வரிசைப்படி எச்சரிக்கை, கண்டனம், தடை, ஒழுக்காற்றுச் சபை. ஒவ்வொன்றுக்கும் படிவம். ஒவ்வொரு படிவமும் நியாயமானது. வாசலில் நான் செய்ததும் நியாயமானது.

வசந்த காலத்தில் அவனுக்குச் சபை கூடியது, வேறு ஒரு சம்பவத்துக்கு. நான் நேரில் பார்க்காத சம்பவம். நிரந்தரமாக விலக்கினார்கள். பதினாறு வயதுவரை படிப்புக் கட்டாயம் என்பதால் வேறு கோலெஜ் ஒன்றில் இடம் போட்டார்கள். அதற்கும் மத்தியானத்துக்கும் தொடர்பில்லை. கஹோனில் இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும் என்று பொறுப்பாளர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கிழமையில் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்று அதே நிலைமை வந்தாலும் விடமாட்டேன் என்றுதான் புதிதாக வருகிற சுர்வையான்களுக்குச் சொல்கிறேன். வாசல் வாசல்தான், ஒருவனுக்குத் திறந்தால் பத்துப் பேர் வருவார்கள் என்று. போன மாதம் உணவு மண்டபத் தடையில் இருந்த ஒரு பெண்பிள்ளை வெளியே நின்றாள். பதினொரு வயது, குடை இல்லை. உள்ளே விட்டேன். இசை ஆசிரியை அந்நேரம் பார்த்து முற்றத்தைக் கடந்து வந்தா.

“இவளுக்கு எந்த விதி?” என்றா.

மழை என்றேன்.