எட்டாவது நோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறே முக்கால் மணி அளவில், பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், பதினோரு பேர் முன்னிலையில் நான் ஒரு குற்றத்திலிருந்து விடுதலையானேன்; அதே நொடியில் இன்னொரு குற்றத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். இரண்டுக்கும் சாட்சி ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் மூன்றாம் மாடி டீச்சர். பணி ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் இந்தக் குடியிருப்பை எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவாகவே நடத்தி வருபவர் அவர். சென்ற மாதம் திடீரென்று ஓர் ஆணை பிறப்பித்தார். பரீட்சைக்காகவோ பதவி உயர்வுக்காகவோ அல்லாமல், மகிழ்ச்சிக்காக மட்டும் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேச வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவரவும் வேண்டும். கொண்டைக்கடலைச் சுண்டலும் காப்பியும் அவர் பொறுப்பு. சுண்டலில் மனத்தைப் பறிகொடுத்ததால், 'கையோடு' என்ற சொல்லில் புதைந்திருந்த அபாயத்தை நான் கவனிக்கவில்லை.

டீச்சருக்குச் சொந்த ஊர் சீர்காழி. 1892இல் அதே சீர்காழியில் பிறந்தவர்தான் நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் என்பதும், அவர் கடைசிக் காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து, 1962இல் இங்கே ஆவணவியல் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒரு மையத்தைத் தொடங்கி, 1972இல் இங்கேயே மறைந்தார் என்பதும் எங்கள் குடியிருப்பில் காவலாளி உட்பட எல்லோருக்கும் மனப்பாடம். டீச்சர் இதைச் சொல்லும் தோரணையில் அவர் ஏதோ இவருக்குப் பெரியப்பா முறை ஆக வேண்டும் என்றே கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்ற இரண்டையும் சொல்லித்தான் டீச்சர் அழைப்பையே தொடங்கினார்.

எனக்கான நூல் எது என்பது எனக்குத் தெரியும். அதை வெளியில் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். சென்னைக்குப் போகும்போதெல்லாம் ரயில் நிலையத்தில் இரண்டு மாத நாவல்களை வாங்கிக்கொள்வது என் வழக்கம். முதல் நாவலில் ஜோலார்பேட்டைக்குள் கொலை விழுந்து, காட்பாடிக்குள் கொலையாளி அகப்பட்டுவிடுவான். இரண்டாவது நாவலின் கொலையாளிக்கு அரக்கோணம் வரை அவகாசம் உண்டு. அட்டையில் ஒரு கத்தியும், கத்தியைப் பார்த்து அலறும் ஒரு பெண்ணும் இருப்பார்கள். இந்த அட்டையை டீச்சர் முன்னால் உயர்த்திப் பிடிக்கும் நெஞ்சுரம் எனக்கு இல்லை.

ஆகவே சனிக்கிழமை இரவு அலமாரியின் முன் நின்றேன். மெல்லிய நூலை எடுத்தால் இவ்வளவுதானா என்பார்கள். மொழிபெயர்ப்பை எடுத்தால் மூலத்தைப் படித்ததுண்டா என்பார்கள். யாரும் குறை சொல்ல முடியாத, கனத்திலேயே மரியாதை தோன்றும் ஒரு நூல் வேண்டும். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' மேல்தட்டில் மல்லாந்து கிடந்தது. "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று அதைப் பற்றி நான் பல ஆண்டுகளாக, பல திருமண வரவேற்புகளில் சொல்லி வந்திருக்கிறேன். தூசியை மட்டும் தட்டினேன், திறந்து பார்க்கவில்லை. அங்கேதான் விதி சிரித்தது.

கூட்டம் நன்றாகவே தொடங்கியது. முதலில் இரண்டாம் மாடி மென்பொருள் தம்பி. அவர் கையில் புத்தகம் இல்லை, காதில் கருவி இருந்தது. 'பொன்னியின் செல்வ'னை அலுவலகம் போகும் வழியில் ஒலிநூலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கேட்பது படிப்பதாகுமா என்று ஒரு சர்ச்சை எழுந்தது. சங்க காலத்தில் எல்லோரும் கேட்டுத்தானே தேர்ந்தார்கள் என்று அவர் அதைச் சாமர்த்தியமாகச் சமாளித்தார். ஆனால் அவருடைய உண்மையான குறை வேறு. ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வந்த வந்தியத்தேவன், கடம்பூர் மாளிகையில் இரவு தங்கி, குடந்தை வழியாகத் தஞ்சைக் கோட்டைக்குள்ளேயே நுழைந்துவிட்டான். அதே நேரத்தில் புறப்பட்ட தம்பியின் கார் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டவில்லை. ஐந்து பாகங்களையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறாராம். கார்தான் அந்த வேகத்துக்கு ஒத்துழைக்க மறுக்கிறது.

ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை அண்ணாச்சி பழைய ரயில்வே கால அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்து, எந்தக் கூச்சமும் இல்லாமல், தூக்கம் வரும்வரை தினமும் இதைத்தான் படிக்கிறேன் என்றார். நின்றுபோன வண்டிகளின் நேரங்களைப் படிக்கும்போது ஒரு நிம்மதி உண்டாகிறதாம்; இனிமேல் அவை தாமதமாக வர வாய்ப்பே இல்லை அல்லவா? ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாச'லைக் காட்டினார். 1959இல் வந்த நூல், ஒரே மாலையில் நடக்கும் ஜல்லிக்கட்டு, நூறு பக்கங்களுக்குள் அடங்கிவிடும், தேர்ந்தெடுத்ததற்குக் கடைசிக் காரணமே முதற்காரணம் என்று கணக்கை நேர்மையாக ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு டீச்சர் எங்கள் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்ததே சுண்டலுக்காக என்று நான் நினைத்திருந்தேன். எழுபத்தாறு வயதில், முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டை கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்த, ஒன்றாம் வகுப்புக் கன்னடப் பாடநூல்.

காவலாளியின் மகளிடமிருந்து வாங்கியதாம். தினமும் பிற்பகலில், நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில், அந்தப் பெண் ஒரு பக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டியது. அம்மா இரண்டு முறுக்குக் கொடுக்க வேண்டியது. ஐந்து மாதங்களாக இந்தக் குருகுலம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. டப்பாவில் முறுக்கு குறைவதைப் பார்த்து நான் என் மகள் மீது சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைக் கூட விடாமல் படிக்கும் பழக்கம் உள்ளவர் அம்மா. பெங்களூருக்கு வந்த இந்தப் பதினான்கு ஆண்டுகளில் பொட்டலக் காகிதமெல்லாம் கன்னடத்தில் இருந்துவிட்டது அவருக்குப் பெரிய பட்டினியாக இருந்திருக்கிறது.

அம்மாவுக்குக் கன்னடத்தின் மீது ஒரே ஒரு மனத்தாங்கல்தான்: ஒரு 'க' போதாதென்று எதற்கு நான்கு 'க' வைத்திருக்கிறார்கள்? மற்றபடி எல்லாம் சுலபம்தானாம். நம்முடைய 'ப'வை எடுத்துவிட்டு 'ஹ' போட்டால் பாதிக் கன்னடம் வந்துவிடும் என்று அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தவர், சென்ற வாரம் மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்ததைச் சொன்னார். நாம் அல்சூர் என்கிறோமே, அது ஹலசூரு. ஹலசு என்றால் பலா. ஆக இத்தனை நாளாகப் பலாப்பழ ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஒரு சுளை கூட வாங்கிக் கொடுக்கவில்லை என்று, பதினோரு பேர் முன்னிலையில், என்னைப் பார்த்தார்.

இதற்குப் பிறகு பேசுவதற்கு என் பெயர் வந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்து நிற்க வேண்டிய துர்ப்பாக்கியம் வேறு யாருக்கும் நேரக்கூடாது. இருந்தாலும் நான் நன்றாகவே பேசினேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். 1880ஆம் ஆண்டு, கும்பகோணம். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டுவிட்டுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த இளைஞர் சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்தைய பழைய நூல்கள் எதையாவது படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார். அந்த ஒரு கேள்வியில் தொடங்கிய வேலைதான் 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்து, பிறகு ஊர் ஊராக ஏடு தேடி அலையவும் வைத்தது. "என்ன படிக்கிறீர்கள் என்ற கேள்வியைப் போல வலிமையான கேள்வி தமிழில் கிடையாது" என்று நான் குரலைத் தாழ்த்தி முடித்தபோது, மென்பொருள் தம்பி காதிலிருந்து கருவியையே எடுத்துவிட்டார்.

இந்தக் காட்சி எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கல்லூரி நாட்களில் ஒரு பட்டிமன்றத்தில் கேட்டதுதான். கேள்விச் செல்வம் எனக்கும் உண்டு.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சற்றே இறக்கி, "மிகவும் நன்று, இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?" என்றார்.

ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். கையில் புத்தகம் இருக்கிற மிதப்பில், நடுவில் எங்கோ திறந்தால் போயிற்று என்று கட்டைவிரலை நுழைத்தேன். புத்தகமோ தனக்குப் பழகிய இடத்தில், 96ஆம் பக்கத்தில், தானாகவே விரிந்துகொண்டது. அதிலிருந்து ஒரு காகிதம் கிளம்பி, மாடிக்காற்றில் இரண்டு முறை புரண்டு, மேலாளரின் சுண்டல் கிண்ணத்தருகே போய் மல்லாந்து விழுந்தது.

ஐந்நூறு ரூபாய் நோட்டு. அதுவும் செங்கோட்டை போட்ட சாம்பல் நிற நோட்டு அல்ல. தண்டி யாத்திரைப் படம் போட்ட, மஞ்சள் பூத்த, பழைய நோட்டு. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிச் செய்தியோடு உயிரை விட்ட நோட்டு.

அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்த மேலாளரின் முகத்தில், அந்த ஐம்பது நாட்கள் கவுன்டரில் பட்ட பாடெல்லாம் ஒரு கணம் வந்து போயின. பத்து நோட்டுகள் வரை வைத்திருந்தால் சட்டப்படி குற்றமில்லை, பயப்பட வேண்டாம் என்று என்னைத் தேற்றினார். சட்டத்தைப் பற்றி அப்போது யார் பயந்தார்கள்? டீச்சர் மனத்துக்குள் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குறைந்தது ஒன்பது ஆண்டுகளாக இந்தப் புத்தகம் 96ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை என்ற விடை அவர் கண்ணாடியிலேயே தெரிந்தது. உ.வே.சா. இந்த நூலை 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதி, 1942இல் காலமானதால் அவரே முடிக்கவில்லை, எழுதியவரே முடிக்காததை நான் முடிக்காமல் விட்டது அவருக்கு நான் செய்யும் மரியாதை என்றொரு வாதம் தொண்டை வரை வந்தது. அதற்குள் பின்வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தார்.

"எட்டாவது நோட்டு!" என்றார்.

இந்த இரண்டு சொற்களின் பாரம் எங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். அந்த நாட்களில் சமையலறைச் சேமிப்பை, திருடனும் கணவனும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், அலமாரியின் தடித்த புத்தகங்களில் ஒன்றுக்கு ஒன்றாக எட்டு நோட்டுகளைப் பிரித்து வைத்திருந்தார் அவர். வங்கிக்கு எடுத்துப் போகும் அவசரத்தில் உதறியபோது ஏழுதான் கிடைத்தன. எட்டாவதை எடுத்தது நான்தான் என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. அதன் பிறகு எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், தண்ணீர் லாரிக்குச் சொல்ல மறந்தாலும், மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குத் தாமதமாகப் போனாலும், வழக்கு அந்த எட்டாவது நோட்டில்தான் போய் நிற்கும். ஒன்பது ஆண்டுகள், மேல்முறையீடு இல்லாத தண்டனை.

அப்படியானால் அன்று அலமாரியில் ஏன் அகப்படவில்லை என்று அவரே கேட்டார். அவரே விடையும் சொன்னார். அந்த மாதம் முழுவதும் இந்தப் புத்தகம் என் அலுவலகப் பையில் இருந்தது. மேசைமேல் வைத்தால் அலுவலகத்தில் ஒரு மரியாதை கிடைக்கும் என்று தினமும் சுமந்துகொண்டு போய், தினமும் திறக்காமல் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். ஒரு முறை திறந்திருந்தால் ஐந்நூறு ரூபாய் பிழைத்திருக்கும், என் பெயரும் பிழைத்திருக்கும். இவர் திருடவில்லை என்று மனைவி எல்லோரிடமும் மனமார அறிவித்தார். "திறந்தால்தானே திருடுவதற்கு?" என்ற அடுத்த வாக்கியத்தையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். டீச்சர் எனக்கு இரண்டாவது கிண்ணம் சுண்டல் தரவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ரோஷம் தாங்காமல், 96ஆம் பக்கத்திலிருந்து உண்மையாகவே படிக்க உட்கார்ந்தேன். அடையாளத்துக்கு அந்த நோட்டையே வைத்துக்கொள்ளலாம் என்று தேடினால் காணவில்லை. மறுபடியுமா என்று நெஞ்சு பகீரென்றது.

கூடத்து விளக்கின் கீழே அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் கன்னடப் பாடநூல். அதன் மேல் நோட்டின் பின்பக்கம் மேலாக இருந்தது. பதினைந்து மொழிகளில் மதிப்பு அச்சிட்டிருக்கும் பட்டையின் மீது ஆள்காட்டி விரலை வைத்து, நான்காவது வரியில் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ரூ… பா… யி… களு."

ஒரு முறை முழுதாகச் சொல்லிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பணத்தைக் கூட ஹணன்னு ஆக்கிட்டாங்கடா. ரூபாய் மட்டும் ரூபாயாவே இருக்கு பாரு."