குறவனை வரைந்த கதை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கிறது கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். 16ஆம் நூற்றாண்டு, நாயக்கர் காலத்து வேலை. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கர்ணன், அர்ஜுனன் சிற்பங்களிடம்தான் நிற்பார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது, ஒரு தூணில் இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவன். ஒரு உடம்பின் பாரத்தை இன்னொரு உடம்பு எப்படி வாங்குகிறது என்பதைச் செதுக்கியிருக்கிறார் அந்தச் சிற்பி. அந்தப் பாரம் தாளில் தெரிய வேண்டும், நகையும் முகமும் அதற்கு அப்புறம்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கோயிலில் வெகுநேரம் பென்சிலை எடுக்கவே மாட்டேன். நேர் எதிரே நின்றால் இரண்டு உருவமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்த் தெரிகின்றன. கொஞ்சம் ஓரமாக நகர்ந்தால்தான் சுமப்பவன் யார், சுமக்கப்படுபவள் யார் என்று பிரிகிறது. வெளிச்சமும் முக்கியம். மண்டபத்துக்குள் வெயில் நேராக விழுவதில்லை, வெளித்தரையில் பட்டுத் தெறித்துத்தான் வருகிறது. நிழலுக்குள்ளேயே ஒரு மங்கிய ஒளி இருக்கும். செல்போன் படத்தில் அது காணாமல் போய்விடும். அதனால் போட்டோவை ஆபரண விவரத்துக்கு மட்டும்தான் நம்புவேன்.

நோட்டில் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போட்டு, கண், மூக்கு எதுவும் இல்லாமல் கருப்பையும் வெள்ளையையும் மட்டும் நிரப்பிப் பார்ப்பேன். என்னைப் பொறுத்தவரை ஓவியம் முடிவாவது இங்கேதான். இந்தச் சின்னக் கட்டத்தில் பாரம் தெரியாவிட்டால், பெரிய தாளில் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் தெரியாது.

வீட்டில், வழவழப்பான கெட்டித் தாளில் 2எச் என்கிற கடினமான, மங்கலாகக் கோடு விழும் பென்சிலால் லேசாக வரைகிறேன். முதலில், கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல, மேலிருந்து ஊன்றிய பாதம் வரை ஒரு செங்குத்துக் கோடு. இரண்டு உடம்பின் பாரமும் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் சரிக்கட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் குறவன் சாய்ந்துவிடுவான்.

சரி, இனி மை. தொட்டு எழுதும் நிப், இந்தியன் இங்க். மிகக் கருப்பான இடத்தில் தொடங்குகிறேன்: உருவத்துக்கும் தூணுக்கும் நடுவே உள்ள பள்ளம். அதுதான் மற்ற எல்லாச் சாயலுக்கும் அளவுகோல். தூணுக்கு நேர்கோடுகள், தொடைக்கும் கைக்கும் தசையைச் சுற்றி வளையும் கோடுகள். இருட்டு கூட வேண்டிய இடத்தில் மேலே குறுக்குக் கோடு. மழைக்காலத்தில் தாள் ஈரம் வாங்கிக் கோடு கசியும், அந்த நாட்களில் நிப்பைத் தொடுவதில்லை. மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் பென்சில் கோடுகளை ரப்பரால் அழிப்பேன்.

பாரம் இறங்கும் தோளில் நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. சுற்றிலும் கருப்பை ஏற்றி, அங்கே வெறும் தாளை அப்படியே விட்டுவிட்டேன். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அதே கோயிலில் இளவரசனைத் தூக்கிப்போகும் குறத்தியும் இருக்கிறாள். அவளுக்கான கட்டங்களைப் போடத் தொடங்கிவிட்டேன்.