வகிட்டில் ஒரு விரல் வெள்ளை

ஜூன் 16, 2025. திங்கள்

வலது கண் திறக்கவில்லை. இடது கண்ணில் ஒரு கீற்று. ஃபோனை மூக்கோடு வைத்துக்கொண்டு தட்டுகிறேன். பள்ளிக்கு லீவு சொல்லியாச்சு.

ஜூன் 17

தோல் டாக்டரம்மாவிடம் போய் வந்தோம். சனிக்கிழமை ராத்திரி தலைக்குச் சாயம் போட்டேன், பத்து நிமிஷத்திலேயே எரிச்சல், கழுவிவிட்டேன் என்றேன். "போன தடவை எப்படி இருந்துச்சு?" என்றார். போன தடவை காதுக்குப் பின்னால் அரித்தது. வெயில் என்று நினைத்தேன். திருச்சியில் மே மாதம் எது அரித்தாலும் வெயில்தான்.

சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுத்தார்: பாரா ஃபினிலீன் டையமின். பி.பி.டி. கருப்பு நிறம் ஏறுவதே அதனால்தானாம். "அம்மோனியா இல்லைன்னு பாக்கெட்ல போட்டிருப்பான். அதைப் பார்க்காதீங்க, இந்தப் பேரு இருக்கான்னு பாருங்க. கருப்பு மெஹந்தின்னு கோன்ல விக்கிறாங்க பாருங்க, அதுலயும் இதைக் கலக்குறாங்க. இனிமே ஆயுசுக்கும் கிட்டவே போகாதீங்க."

வருஷக்கணக்கா போடுறேனே டாக்டர், இப்ப மட்டும் எப்படி என்றேன். அப்படித்தான் வருமாம். உடம்பு வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டே வந்து, ஒருநாள் முடியாது என்று சொல்லிவிடுமாம். ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் அது மறக்கவே மறக்காதாம். அடுத்த தடவை இதைவிட மோசமாக வரும் என்றார்.

தலையணை உறையில் மஞ்சளாக நீர் வடிந்து மொடமொடவென்று காய்ந்திருக்கிறது. அவர் அதை உருவிக்கொண்டு போய் பக்கெட்டில் ஊறவைத்தார். ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 19

பசி. எல்லாம் ஸ்டீராய்டு மாத்திரையால்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. திறந்து பார்த்தால் அவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருக்கிறார். கொட்டாங்குச்சியில் கரைத்த பொடி, பழைய பல் பிரஷ், மேலுதட்டில் கறை பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய், மடியில் நேற்றைய தினத்தந்தி. தலை முழுக்க நரை. அதை அவர் தொடுவதே இல்லை. "தலை பரவாயில்ல, மீசை வெளுத்தாத்தான் வயசானவன் மாதிரி தெரியும்."

அதே மருந்துதாங்க அது என்றேன்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே."

எனக்கும்தான் போன மாதம் வரை ஒன்றும் பண்ணவில்லை.

ஜூன் 25

தரகர் போன் பண்ணினார். மாப்பிள்ளை வீட்டார் ஜூலை 13 வருகிறார்களாம். ஜூலை 17 ஆடி பிறந்துவிடும், அதற்கப்புறம் ஒரு மாதம் பேச்சே எடுக்க முடியாது, அதனால் அதற்குள் பார்த்துவிட வேண்டும். பெரியவள் வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து கிளம்புவாளாம்.

எல்லாம் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அத்தை என் தலையைப் பார்த்தார். அவரும் பார்த்தார். நான் ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன்.

ஜூன் 26

மறுபடி பள்ளி. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன், கணக்கு டீச்சர் வேறெதைச் செய்வாள். சனிக்கிழமை பாதியில் கழுவியதால் வேரில் சரியாக ஏறவில்லை, ஒரு மாதிரி செம்பட்டை. அதற்குக் கீழே வெள்ளை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். 13-ஆம் தேதிக்குள் வகிட்டில் ஒரு விரல் அகலம் வெள்ளை தெரியும். இடுப்பு வரை எழுபது சென்டிமீட்டர் என்றால் முழுக்க மாற ஆறு வருஷத்தை ஒட்டி வரும். அதுவரைக்கும் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கை தூக்கினாள். சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று பார்த்தால், "டீச்சர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

ஜூன் 28

பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் வகிட்டை மட்டும்தான் பார்க்கிறேன் இப்போதெல்லாம். முகம் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிய அம்மாவுக்கு நெற்றியோரத்தில் சாயக் கறை. தில்லைநகரில் ஏறியவருக்கு மருதாணிச் சிவப்பு. கூடையோடு வந்த பூக்காரம்மாவுக்கு முழு வெள்ளை, அதில் எண்ணெய் வைத்துப் படிய வாரி. அந்த அம்மா யாரைப் பற்றியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அல்லது அது என் கற்பனை.

ஜூலை 1

ஸ்டாஃப் ரூமில் இன்று என் தலைதான் பாடம். தமிழ் ஐயா பிசிராந்தையாரை எடுத்துவிட்டார். இத்தனை வயதாகியும் நரை ஏன் இல்லை என்று கேட்கிறீர்களா, என் மனைவி மாண்புள்ளவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் என் மனம் போல நடப்பவர்கள், அரசன் தவறு செய்யாமல் காக்கிறான், ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள். புறநானூறு 191. நன்றாகவே சொன்னார், குரலை ஏற்றி இறக்கி.

அந்த மாண்புள்ள மனைவிக்குத் தலை எப்படி இருந்ததாம் ஐயா என்றேன். யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லையே. ஐயா சிரித்தார். அவர் சாயம் போட்டு மூன்று நாள் இருக்கும். கிருதாவில் போட்ட கருப்பு, சட்டைக் காலர் வரை இறங்கியிருக்கிறது.

ஜூலை 4

பெரியகடை வீதி நாட்டு மருந்துக் கடையில் மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும். டாக்டரம்மா சுத்தமான மருதாணி என்றால் பரவாயில்லை, ஆனால் பாக்கெட்டில் என்ன கலக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றிருந்தார். அதனால் எதிர்வீட்டு அக்கா கொல்லையிலிருந்து இலையே பறித்துக் கொடுத்தார். மருதாணிப் பொடி அலமாரியில் ஏறிவிட்டது. இலையை அரைத்து, டீ டிகாக்ஷன் ஊற்றி, இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க வைத்தேன். முதலில் முன்கையில் ஒரு பொட்டு.

ஜூலை 6, ஞாயிறு

கையில் ஒன்றும் ஆகவில்லை. காதோர முடியில் மட்டும் தடவிப் பார்த்தேன். காவி. பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். இதன் மேல் அவுரி போட்டால்தான் கருக்கும், அதையும் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துப் போட்டேன். பச்சை நாற்றம். இரண்டு மணி நேரம் அந்தத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். காவி போய்க் கரும்பழுப்பு வந்தது, ஓரத்தில் லேசாகப் பச்சை.

முழுத் தலைக்கும் செய்யலாம். செய்தால் 13-ஆம் தேதி தப்பிக்கலாம். அப்புறம் மாதா மாதம் அரைத்து, குழைத்து, நாறிக்கொண்டு, அரை நாள். எதற்கு என்று நினைத்தபோது எரிச்சல் வந்தது. இந்தத் தடவை தலையில் இல்லை.

ஜூலை 7

அத்தையின் யோசனை: சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டுவிடு. "ஒரே நாள்ல முடிஞ்சுது. வேண்டுதல்னு சொன்னா ஒருத்தரும் ஏன்னு கேட்க மாட்டாங்க."

முதலில் சிரித்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. இது ஒன்றுதான் கணக்குக்குச் சரியாக வருகிறது. மேலே ஒருத்தி கீழே ஒருத்தி இல்லை. முளைக்கும்போதே வெள்ளையாக முளைக்கும். நரைத்த தலைக்கு நூறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது, மொட்டைத் தலைக்கு ஒரே சொல் போதும்.

ஆனால் பெண் பார்க்க வரும்போது பெண்ணைப் பெற்றவள் மொட்டையோடு நின்றால்?

"பூமுடி குடுத்தாப் போதும்" என்று அத்தையே இறங்கி வந்தார். மூன்று கத்தரி. அதனால் எனக்கு என்ன லாபம்.

ஜூலை 9

சின்னவள் என் கட்சி. "அஜித் நரைச்ச தலையோட வந்தா தியேட்டரே விசிலடிக்குது, நீ வந்தா மட்டும் உடம்பு சரியில்லையாம்மா?" இந்திரா காந்தி முன்நெற்றியில் ஒரு பட்டை வெள்ளையோடு நாட்டையே ஆளவில்லையா என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

அத்தை முறத்திலிருந்து தலை நிமிராமல், "அவங்க வீட்டுக்கா ஞாயித்துக்கிழமை வர்றாங்க?"

கவலைப்பட்டால் நரைக்கும் என்று அத்தை சொல்வதைச் சின்னவள் ஒத்துக்கொள்கிறாள், பயோடெக் படிக்கிறாளே. 2020-ல் ஹார்வர்டில் கருப்பு எலிகளை வைத்துப் பார்த்தார்களாம். பயமும் வலியும் வந்தால் நரம்பிலிருந்து ஒரு ரசாயனம் முடி வேருக்குப் போய், நிறம் கொடுக்கும் செல்களின் சேமிப்பைத் தீர்த்துவிடுகிறதாம். எலி வெளுத்துவிட்டது. "அப்பாயி சொல்றது சயின்ஸ்மா."

அந்த எலிக்கு யார் கல்யாணம் பேசினார்களோ.

ஜூலை 12, சனி

பெரியவளுக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். காதுக்குப் பின்னால், உச்சியில், வேரில் வெள்ளை. இருபத்தாறு வயசு.

ஜூலை 13, ஞாயிறு

வந்தார்கள். ஏழு பேர், ஒரு வேன்.

தலையில் ஒன்றும் போடவில்லை. பிரமாதமாகத் தீர்மானித்து அல்ல. நேற்று அவள் தலையைப் பார்த்ததிலிருந்து அரைத்து வைத்ததைத் தொட மனசு வரவில்லை. சீவி, வகிட்டில் குங்குமம் வைத்தேன். வெள்ளைக்கு நடுவில் குங்குமம் இப்படிப் பளிச்சென்று தெரியும் என்று எனக்கே தெரியாது. மல்லிகை வைத்தால் பூ எது முடி எது என்று தெரியாது என்று சின்னவள் கனகாம்பரம் கட்டிக் கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல கருப்பு. பேசும்போதெல்லாம் என் நெற்றிக்கு மேலேயே பார்வை. ஒரு அத்தைக்காரி, கேசரித் தட்டை வாங்கிக்கொண்டே, என் மாமியாரிடம், "உங்க தங்கச்சியாம்மா?"

"ஆமா. எனக்கு முப்பது வருஷம் கழிச்சுப் பொறந்தவ."

அந்தம்மா தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை. மாமியார் மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்த நாள் வேறொன்று இல்லை.

பையன் நன்றாகப் பேசினான். பெரியவளுக்குப் பிடித்திருக்கிறது போல. சொல்லவில்லை, ஆனால் ஊருக்குக் கிளம்பும்போது அவன் குடித்த டம்ளரை அவளே கழுவினாள்.

ஜூலை 15

போன் இல்லை.

ஜூலை 16

போன் இல்லை. அவர் தரகரைக் கூப்பிட்டார். பேசிட்டுச் சொல்றோம்னு சொன்னாங்க சார். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் ஒன்றும் அசையாது.

ஜூலை 20

அவர் இன்று மீசைக்குப் போடவில்லை. மறந்துவிட்டாரா என்று கேட்கவும் இல்லை. ஓரத்தில் வெள்ளை முளைத்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. சொன்னால் ரொம்பச் சந்தோஷப்படுவார், அதனால் சொல்லவில்லை.

பெரியவளிடம் போனில் கேட்டேன். காலேஜ் மூன்றாம் வருஷத்திலிருந்தே போடுகிறாளாம், ஹாஸ்டலில், பாத்ரூம் வாளிக்கு மேல் குனிந்து. ஆபீஸில் எல்லோரும் போடுவார்கள்மா என்கிறாள். பாக்கெட் பேர் கேட்டேன். பொடி இல்லை, கிரீம். அம்மோனியா இல்லாதது.

இருபதில் ஆரம்பித்திருக்கிறாள். நான் ஆரம்பித்தபோது இவளே பிறந்துவிட்டிருந்தாள்.

ஜூலை 28, திங்கள்

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் வரிசையாகப் பட்டி ஒட்டிவிட்டார்கள். மாத்திரை எல்லாம் நிறுத்தித் தோல் ஆறின பிறகுதான் இதைச் செய்வார்களாம். குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து, ஓரத்தில் பேனாவால் எண். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. திருச்சியில் வேர்க்காமல். நாலு மாடி ஏறி எட்டாம் வகுப்புக்கு.

ஜூலை 30

பிரித்தார்கள். ஒரு இடம் மட்டும் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம். எது என்று கேட்கவே தேவையில்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

என் பெண்ணுக்கும் ஒட்டிப் பார்க்கலாமா என்றேன். ஒன்றும் இல்லாதவர்களுக்குச் சும்மா ஒட்டிப் பார்ப்பதில்லையாம். அரித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், கூட்டி வாருங்கள்.

அரித்தால்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு

அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவேரியில் நல்ல தண்ணீர். படித்துறையில் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. எதிர்வீட்டு அக்காவுக்கு நான் கட்டினேன், எனக்கு அவர். கயிறு முடிபோடும்போது என் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுவிட்டு, "ஏம்மா, நடுவுல கோடு போட்ட மாதிரி இருக்கு. ஒண்ணு போடு, இல்லன்னா வெட்டு" என்றார். இவர் ஒருவர்தான் இதுவரை பின்பக்கம் பார்த்துச் சொன்னது.

வெட்டலாம். தோள் வரை. ஆறு வருஷம் இரண்டாகக் குறையும்.

ஆகஸ்ட் 5

வெட்டிக்கொண்டேன். பார்லர் பெண் பின்னலை அப்படியே ரப்பர் போட்டுக் கையில் கொடுத்தாள், கனமாக இருந்தது. அத்தை இரண்டு நாள் பேச மாட்டார் என்று நினைக்கிறேன். கழுத்தில் காற்று படுகிறது.

ஆகஸ்ட் 11

மாப்பிள்ளை வீட்டிலிருந்து அந்தம்மாவே கூப்பிட்டார். ஆடியில் சொல்லக் கூடாதுதான், ஆனால் நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று சொல்கிறேன், எங்களுக்குச் சம்மதம், ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்ணைப் பற்றி, வேலையைப் பற்றி எல்லாம் பேசினார். அப்புறம் கொஞ்சம் இழுத்து, "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. நிச்சயத்துல போட்டோ எல்லாம் எடுப்பாங்க. எங்க சொந்தத்துல நூறு பேரு நூறு கேப்பாங்க. அதுக்குள்ள தலைக்கு மட்டும் கொஞ்சம்…"

அலர்ஜி என்றேன்.

"இப்ப அலர்ஜி இல்லாதது வந்திருக்குங்களே. நான் அதுதான் போடுறேன். பேர் அனுப்பறேன்."

வாட்ஸாப்பில் அனுப்பியும் விட்டார். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பொடி எழுத்தில், நாலாவது வரியில், அதே பேர்.

அவரிடம் சொன்னேன். "ஒரு நாள்தானே" என்றார். பிறகு அவரே, "வேணாம், வேணாம்" என்றார். சாப்பிடும்போது மறுபடி, "விக் மாதிரி ஏதாவது?"

ஆகஸ்ட் 12

சம்பந்தியம்மாளுக்கு என்ன பதில் எழுதுவது. மூன்று தடவை தட்டி மூன்று தடவையும் அழித்தேன். உங்களுக்கும் அரிக்கிறதா என்று கேட்கத்தான் முதலில் தோன்றியது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ராத்திரி பெரியவள் போன். நிச்சயப் புடவை, பிளவுஸ் தைக்கிறவள், எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அம்மா, நேத்து டச்சப் பண்ணேன். காதுக்குப் பின்னாடி லைட்டா அரிக்குது. ஒண்ணும் இல்ல, வெயில்."

கண் இமை எப்படி இருக்கிறது என்றேன். கொஞ்சம் கனமா இருக்கு என்கிறாள். வீடியோ போடச் சொன்னால் முகம் கழுவலை, அப்புறம் என்கிறாள்.

உடனே நன்றாக அலசிவிட்டு, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு இப்போதே போகச் சொன்னேன். சீட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், அங்கே காட்டச் சொல்லி. மூன்று நாள் லீவு சேர்ந்து வருகிறது, ராக்ஃபோர்ட் ரயிலில் டிக்கெட் இல்லை, தட்கலும் இல்லை. நாளை கொடியேற்றத்துக்கு வர முடியாது என்று எச்.எம்முக்கு மெசேஜ் போட்டாச்சு. சென்னை பஸ் எல்லாம் இப்போது பஞ்சப்பூரிலிருந்து. அவர் வண்டியை வெளியே எடுத்துவிட்டார், ஹார்ன் அடிக்கிறார். அவள் இன்னும் ஆன்லைனில்தான் இருக்கிறாள், பதில்